'நடக்கச் சொல்லுங்க' என்றால் போதுமா? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம். மூளையின் ரத்தக்குழாய் பாதிப்பால் என் அப்பாவுக்கு வந்த குறைபாட்டைப் பற்றியும், அதற்கு மாத்திரையைப் போலவே நடையையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியும் இந்த மடல்.

நான் நீடாமங்கலம் வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பிலும், அதற்குக் கீழே உள்ள மதகுகளிலும் ஷட்டர் ஏற்றி இறக்கியே முப்பது வருஷம் ஓடியது அவருக்கு. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் அது எந்த நாள், எந்த வேளைக்கு எங்கள் பக்கம் வந்து சேரும் என்று விரல் மடக்கிச் சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகும், நுரையும் சருகுமாக வருகிற முதல் தண்ணீரைச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

2023-இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் எங்கள் ஊரைத் தொட்ட நாளில் அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். "போகலையாப்பா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "வந்துருக்கும்" என்றார். அவ்வளவுதான். தேதி அவருக்கு மறக்கவில்லை. எழுந்து, சட்டையை மாட்டி, சாவியைத் தேடி, சைக்கிளைத் தள்ளுவது என்கிற அந்த வரிசையைத் தொடங்கத்தான் முடியவில்லை. அது ஒரு நோயின் அடையாளம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு காலை அவருடைய இடது கை துவண்டு போயிருந்தது. டம்ளர் நழுவி விழுந்தது. மதியத்துக்குள் சரியாகிவிட்டது. "ராத்திரி கை மேல படுத்துட்டேன் போல" என்றார், நாங்களும் நம்பினோம். பதினைந்து வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். கை தானாகச் சரியானாலும் அது ஸ்ட்ரோக்கின் எச்சரிக்கை என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. படித்த எனக்கே தெரியவில்லை என்பது இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. ஆறு மா நிலத்துக்கு விதை ஊறப்போடுவது, நாற்றங்கால் தயார் செய்வது, நடவுக்கு ஆள் சொல்வது, உரக்கணக்கு என்று எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்தவர், விதையை ஊறப்போட்டுவிட்டு நாற்றங்காலை உழச் சொல்லவே இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், ஆனால் நேரமாகும். நடை சின்னச் சின்ன எட்டாகச் சுருங்கியது. சிறுநீரை அடக்க முடியாமல் அவசர அவசரமாக எழுந்தார். இத்தனைக்கும் பேரப்பிள்ளைகளின் பெயர், பென்ஷன் வரும் நாள், முப்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது என்பது எதுவும் மறக்கவில்லை. அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "வயசானா அப்படித்தான்" என்றார்கள் உறவுக்காரர்கள். அம்மா அவரைச் சோம்பேறி என்று திட்டினார். இப்போது அதை நினைத்து அழுகிறார்.

ஸ்கேனில் மூளையின் உட்பகுதியில் அங்கங்கே பழைய சின்னச் சின்ன அடைப்புகள் தெரிந்தன. ரத்தக்குழாய் பாதிப்பால் வருகிற லேசான அறிவாற்றல் குறைபாடு என்றார்கள். மறதி நோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியாவுக்கு இன்னும் போகாத நிலை. இந்த நிலையில் உள்ளவர்களில் சிலர் அதை நோக்கிப் போவார்கள், சிலர் பல வருஷம் அப்படியே இருப்பார்கள், சிலர் தேறுவதும் உண்டு.

அப்பாவுக்கு இதை வாய்க்கால் கணக்கில்தான் சொன்னேன். ஆற்றில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகும். ஏ, பி என்கிற பெரிய வாய்க்கால் வரைக்கும் குறைவில்லாமல் பாயும். அவற்றிலிருந்து பிரியும் சின்ன சி, டி வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும். மூளையிலும் பெரிய குழாய் அடைத்தால் கை கால் விழுந்து ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் மெல்லிய குழாய்கள் பல வருஷப் பிரஷராலும் சர்க்கரையாலும் தடித்துச் சுருங்கி ஒவ்வொன்றாகத் தூர்ந்தால் வெளியே சத்தமே இருக்காது. மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் ஓடுவது அங்கேதான். அவை காயும்போது ஞாபகத்தைவிட முன்னால் அடிபடுவது திட்டமிடுவதும், வரிசைப்படுத்துவதும், சட்டென்று யோசிப்பதும், ஒன்றை எழுந்து தொடங்குவதும். அப்பா கேட்டுவிட்டு, "தூர் வார முடியாதா?" என்றார். போன வாய்க்காலை வார முடியாது, இருக்கிற வாய்க்காலைக் காப்பாற்றலாம், முறை வைத்துப் பாய்ச்சப் பழகலாம் என்றேன். தலையை ஆட்டினார். முறைப்பாசனம் அவருக்குத் தெரிந்த வேலை.

இனி உங்களிடம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவைப் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிஷத்தில் சொன்னது இது: "இதுக்குன்னு தனி மருந்து இல்லம்மா. பிரஷர், சர்க்கரை மாத்திரையை விடாம குடுங்க. நடக்கச் சொல்லுங்க. மூளைக்கு வேலை குடுங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே அத்தனை கூட்டம். சொன்னது அத்தனையும் சரி. மறதி நோயில் இன்னொரு வகையான அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரைகளை ரத்தக்குழாய் பாதிப்புக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கிடைத்த பலன் மிகக் குறைவு. ஆனால் கையில் வாங்கிய சீட்டைப் பாருங்கள். மாத்திரைக்குப் பெயர் இருந்தது, மில்லிகிராம் இருந்தது, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்பது எல்லாம் இருந்தது. நடைக்கு ஒரு வரி இல்லை. என்ன வேகம், வாரத்துக்கு எத்தனை நாள், எங்கே, யாரோடு, யார் பார்த்துக் குறித்துக்கொள்வது, எப்போது திரும்ப வந்து காட்டுவது? எழுந்து ஒன்றைத் தொடங்குவதே முடியாமல் போன மனிதரிடம் "நடங்க" என்று வாயால் சொல்லி அனுப்பினால் அவர் எப்படி நடப்பார்?

மருந்து இல்லை என்றதும் குடும்பங்கள் சும்மா இருப்பதில்லை. ஞாபக சக்தி டானிக், லேகியம், பவுடர் என்று மூன்று மாதத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்தோம். எதிலும் ஒரு மாற்றமும் இல்லை. "மருந்தில்லை" என்கிற வார்த்தைக்கும் "செய்ய ஒன்றுமில்லை" என்கிற அர்த்தத்துக்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் இவை எல்லாம் விற்பனையாகின்றன. அந்த இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டும்.

செய்ய இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. கனடாவில் வான்கூவரில், அப்பாவுக்கு இருக்கிற இதே வகைக் குறைபாடு உள்ள 70 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2016-இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், ஆறு மாதம், பயிற்சியாளர் கூடவே இருந்து வேக நடை. மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பும் உணவு, உடல்நலம் பற்றிய வகுப்புகளும். நடந்தவர்களுடைய யோசிக்கும் திறன் கொஞ்சம் மேம்பட்டது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன், இருந்தாலும் மாற்றம். பயிற்சியை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வரிதான். பிரஷர் மாத்திரையை ஆறு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்துவோமா? நடையும் அதே மாதிரி.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரில் பாதிப் பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருஷம் செய்து பார்த்தார்கள். ஃபிங்கர் ஆய்வு என்று பெயர், 2015-இல் வெளிவந்தது. சேர்த்துச் செய்தவர்களின் மூளை, பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவில் 2,111 பேரிடம் அதே வழியில் நடந்த ஆய்வு 2025-இல் வந்தது. ஒரு குழுவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அவரவர் போக்கில் விட்டார்கள். இன்னொரு குழுவைக் கூட்டம் கூட்டி, அட்டவணை போட்டு, ஆள் வைத்து நடத்தினார்கள். இரண்டு குழுவும் முன்னேறின, ஆள் வைத்து நடத்திய குழு கூடுதலாக முன்னேறியது. இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் பாதிப்பு வரும் அபாயம் உள்ளவர்கள், அப்பாவைப் போல ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தானாகச் செய்துகொள்ளும் திறன் குறையாதவர்களுக்கே கூட ஒருவர் துணை இவ்வளவு உதவுகிறது என்றால், அந்தத் திறனே அடிபட்டவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்தில்லாச் சிகிச்சை என்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பிரஷரை இன்னும் இறுக்கிக் கட்டுப்படுத்தினால் இந்த லேசான குறைபாடு வருவது குறைகிறது என்று 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. யாருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை அடித்தளம், மற்றதெல்லாம் அதன் மேல்.

நாங்கள் என்ன செய்தோம் என்றும் எழுதுகிறேன், உங்களுக்கு உபயோகப்படலாம். 2024 தை மாதம் தொடங்கினோம். அப்பா வேலை பார்த்த அதே ஆற்றங்கரை. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் என்பதை அளவாக வைத்துக்கொண்டோம். முதல் வாரம் பத்து நிமிஷம், பங்குனி முடிவதற்குள் நாற்பது நிமிஷம். சர்க்கரை உள்ளவர் என்பதால் வெறும் வயிற்றில் கூட்டிப்போகவில்லை, பையில் மிட்டாய் இருக்கும். நடந்துகொண்டே, தலைப்பிலிருந்து வரிசையாக ஒவ்வொரு மதகின் பெயரும் சொல்லச் சொல்வேன். போகும்போது மேலிருந்து கீழ், வரும்போது கீழிருந்து மேல். முதலில் நின்று நின்று யோசித்தார். சித்திரையில் நான் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னபோது என்னைத் திருத்தினார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது இருவருக்குமே பேச்சு வரவில்லை.

வீட்டில் ஒரு கரும்பலகை மாட்டினோம். ஒரு வேலையை அப்படியே சொல்லாமல் படிப்படியாக உடைத்து எழுதினோம்: மோட்டார் போட வேண்டும் என்றால், செருப்பு, சாவி, மடை திறப்பு, சுவிட்ச், திரும்பும் நேரம். ஒவ்வொன்றையும் செய்ததும் அழிப்பார். சாயங்காலம் தாயம். மூளைப் பயிற்சி விளையாட்டுகள் அந்தந்த விளையாட்டில்தான் திறமையைக் கூட்டுகின்றன, அன்றாட வேலைக்கு அது அப்படியே வருவதில்லை என்பதால், தாயத்தைவிட மோட்டார் கொட்டகைக்கே நான் அதிக மதிப்பு கொடுத்தேன். ஆனால் தாயம் ஆட நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு மாதமாகப் பேச்சே இல்லாமல் இருந்தவர் பக்கத்து வீட்டு மாமாவோடு காய் வெட்டியதற்குச் சண்டை போட்டார். மனச்சோர்வும் தனிமையும் இந்தக் குறைபாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சரிசெய்ய முடியாது.

பிறகு மழை வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஆற்றங்கரையில் கால் வைக்க முடியாது, வண்டல் சேறு முழங்கால் வரை வாங்கும். விழுந்து இடுப்பு ஒடிந்தால் எல்லாம் போச்சு. இரண்டு மாதம் நிறுத்தினோம். மார்கழியில் அப்பா மறுபடி திண்ணைக்குப் போய்விட்டார். கனடாவில் ஆறு மாதத்தில் கண்டதை நான் இரண்டு மாதத்திலேயே என் வீட்டில் கண்டேன்.

இப்போது கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று எங்கள் வாசல் வரை வருகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அப்பாவைப் "பெரியப்பா" என்றுதான் கூப்பிடுவார். பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, வீட்டு நிலவரமும் விசாரிக்கிற பெண் அவர். இயன்முறை மருத்துவர்களும் அதே திட்டத்தில் இருக்கிறார்கள். புதிதாக ஒரு கட்டடமோ ஒரு துறையோ கேட்கவில்லை. இந்த ஆட்களின் கையில் இன்னும் ஒரு வேலையைக் கொடுங்கள், அதற்கான பயிற்சியையும் நேரத்தையும் ஊதியத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிரஷரும் சர்க்கரையும் உள்ள, அறுபது கடந்த ஒவ்வொருவர் வீட்டிலும், "முன்பு தானாகச் செய்த எந்த வேலையை இப்போது பாதியில் விடுகிறார்?" என்று குடும்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள். "மறதி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் என் அப்பாவைப் போன்றவர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள். மருத்துவமனையில் கடிகாரம் வரையச் சொல்லும், கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்லும் பரிசோதனைகள் உண்டு. பள்ளிக்கூடமே போகாமல் வாழ்நாளெல்லாம் நடவு நட்ட என் அத்தைக்கு அந்தத் தாளை நீட்டினால் அவர் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுவார். நடவில் முன்பாட்டு பாடியவர் அவர். அவர் ஒரு வரி சொன்னால் வயலே பின்பாட்டு எடுக்கும். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, வயலில் பாட்டு குறைந்துவிட்டது, அத்தையும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவருடைய மூளைக்கு என்ன ஆனது என்பதை, முன்பு எத்தனை அடி பாடுவார், இன்று எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டால் தெரியும். பெண்களைப் பரிசோதிக்க இந்த மண்ணுக்கேற்ற கேள்விகளை உங்கள் மருத்துவக் கல்லூரிகள் உருவாக்க வேண்டும்.

கண்டுபிடித்த பின், வாரம் மூன்று நாள் குழு நடை. மழைக்காலத்துக்குச் சமுதாயக் கூடம், பள்ளி வராண்டா, நாகை கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையம், கோயில் உள்ள ஊரில் வெளிப்பிரகாரம். "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி" என்று சொல்லும் திருவாரூரில் கமலாலயக் கரையைச் சுற்றினாலே போதும். நடைக்கு அடுத்து, பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும், ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சிகள், விழாமல் இருக்க. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு. அதில் மாத்திரைக்கு எழுதுவது போலவே நடைக்கும் எழுதுங்கள், தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் அந்த நோட்டைப் பார்க்கட்டும். ஆறு மாதத்தில் மூடிவிடும் முன்னோடித் திட்டமாக மட்டும் இதைத் தொடங்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

காதையும் கண்ணையும் அதே நாளில் பாருங்கள். மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அதில் காது கேளாமையும் கண்பார்வைக் குறைவும் உண்டு. இந்தியாவில் அறுபது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு இருக்கிறார்கள் என்று 2023-இல் வந்த கணக்கு சொல்கிறது.

உப்பைப் பற்றி எங்கள் சமையலறையிலேயே வந்து பேசச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பழைய சோற்றில் போடுவது, ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு ஸ்பூன் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அம்மா ஒரு வாரம் அளந்து பார்த்து மலைத்துப்போனார். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களிடம் வெற்றிலையை விடச் சொல்லி ஆரம்பித்தால் கேட்க மாட்டார்கள். முதலில் புகையிலையை விடச் சொல்லுங்கள், அது குழாயைக் கெடுக்கிறது.

கவனித்துக்கொள்பவர்களை மறந்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு 66 வயது. அப்பா சோம்பேறியாகிவிடவில்லை, அவருடைய மூளைக்குத் தொடங்குவது கடினமாகிவிட்டது என்று முதல் நாளே ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு வருஷச் சண்டை இருந்திருக்காது. அந்த அரை மணி நேரத்தையும் சிகிச்சையாகக் கணக்கில் எழுதுங்கள்.

எங்கள் ஊரில் நாங்களாகவே தொடங்கிவிட்டோம். பஞ்சாயத்தில் கேட்டுச் சமுதாயக் கூடத்தின் சாவியை வாங்கி வைத்திருக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு மேல், ஏழு ஆண்களும் நாலு பெண்களும் வருகிறார்கள். வெயில் நாளில் ஆற்றங்கரை, மழை நாளில் கூடத்துக்குள் சுற்று. அத்தையும் வருகிறார், சுற்றும்போது பழைய நடவுப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். அப்பாவுக்கு எண்ணும் வேலை, யார் எத்தனை சுற்று என்று பலகையில் கோடு போடுவார். சில நாள் தப்பாகப் போடுகிறார், சேர்ந்து திருத்திக்கொள்கிறோம். நடப்பதற்கு முன் பிரஷர் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. யாருக்கு எந்தப் பயிற்சி கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் இயன்முறை மருத்துவரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு லஸ்கரின் மகள்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்